கைக்குட்டையில் முடிந்த விதை

“வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?”

கல்யாணமான மறுநாள் தொடங்கி, தையலக்கா தன் புருஷனிடம் தினமும் கேட்ட கேள்வி இது. காலையில் அவர் காக்கிச் சட்டையை மாட்டும்போது ஒரு தடவை, சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போது ஒரு தடவை. லீவு நாளில் வீட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம். அவர் தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்ப்பவர். தெருத் தெருவாக நடந்து, வீட்டு வாசல்களில் குழிக்குள் இருக்கும் மீட்டரின் இரும்பு மூடியைத் தூக்கி, குனிந்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். “ஊர்ல இருக்கற மூடியெல்லாம் திறக்கத் தெரியுது, தன் வாயைத் திறக்கத் தெரியல” என்று தையலக்கா மெஷினை மிதித்துக்கொண்டே சொல்வாள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலும் சத்தம் வராது.

பேசாத மனுஷர்தான், ஆனால் மறக்கிற மனுஷர் இல்லை. வீட்டுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்றால் கைக்குட்டை முனையில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். வெறும் முடிச்சு அல்ல. நீல நூல் வேண்டுமென்றால் அந்த நீலத்தில் ஒரு துணித் துணுக்கு முடிச்சுக்குள் இருக்கும். ஜோடி சேராத பொத்தானுக்கு, மாதிரிப் பொத்தான் உள்ளே இருக்கும். சாயங்காலம் வந்து முடிச்சை அவிழ்த்து, மாதிரியையும் வாங்கி வந்ததையும் மெஷின் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். “இதுதானே கேட்டே?” என்று ஒரு வார்த்தை வராது. சரியாக இருக்கிறதா என்று அவளே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சல்.

ஒரு நாள், மீட்டர் பார்க்கப் போன தெருவில் ஒரு வீட்டு மூடியைத் தூக்கியவர் திரும்ப எழுந்திருக்கவில்லை. குனிந்தபடியே சரிந்துவிட்டார் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சட்டையை மடித்து ஒரு பையில் போட்டுத் தையலக்கா கையில் கொடுத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அதைத் துவைக்க எடுத்தாள். தையல்காரிக்கு எந்தத் துணியை எடுத்தாலும் முதலில் பாக்கெட்டில் கை போகும். கைக்குட்டை வந்தது. முனையில் முடிச்சு இருந்தது.

அவிழ்த்தாள். ஆறு விதைகள். கட்டை விரல் நகம் அளவுக்குத் தட்டையாக, மங்கலான நிறத்தில், ஓரத்தில் தடித்த விளிம்போடு இருந்தன. அவள் எதுவும் வாங்கி வரச் சொல்லியிருக்கவில்லை. விதை என்ற பேச்சையே அவள் அவரிடம் எடுத்ததில்லை. வீட்டில் ஒரு செடி கிடையாது. வைக்க இடமும் கிடையாது. ஜன்னல் முழுக்க மெஷின்தான்.

துணைக்குத் தங்கியிருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “கொறிக்கறதுக்கு வெச்சிருப்பான் எங்க அண்ணன். தூக்கிப் போடுங்க அண்ணி, எறும்பு வரப் போகுது.”

கொறிக்கிறதை எந்தப் பைத்தியம் முடிச்சுப் போட்டு வைக்கும்? அப்படிக் கேட்கத் தையலக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விதைகளை நூல் சுற்றும் பாபின் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். முடிச்சுப் போட்டால் அது வீட்டுக்கு. வீட்டுக்கு என்றால் அது தனக்கு. அது மட்டும் அவளுக்குத் தெரியும். எதற்கு என்பதைத்தான் மனுஷர் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் குடியிருந்தது நாலு மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடி. மேலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, துணி காயப் போடும் கொடிக் கயிறு, நாலைந்து டிஷ் குடைகள். மிச்ச இடத்தில் நர்ஸம்மா தோட்டம் போட்டிருந்தாள். நர்ஸம்மா மூன்றாம் மாடி. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக அதிகாரம் பண்ணிவிட்டு ரிட்டயர் ஆனவள். வேலை போனதே தவிர அதிகாரம் போகவில்லை. பழைய பெயின்ட் வாளிகளை வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, வார்டில் கட்டில் போட்டது போல வரிசையாக வைத்திருந்தாள். காலையில் மேலே வந்து ஒவ்வொரு வாளியாக நின்று இலையைப் புரட்டிப் பார்ப்பாள். அவளுக்குக் கூட்டாளி, கீழே பேக்கரியில் கல்லாவில் உட்காரும் பெண். எல்லோரும் பேக்கரிக்காரி என்பார்கள். வயதில் இவர்களைவிட ரொம்பச் சின்னவள், வாய் மட்டும் பெரியது. முட்டை ஓடும் காலி மைதா சாக்கும் அவள் உபயம்.

இந்த இரண்டு பேரும் தையலக்காவைப் பல தடவை கூப்பிட்டார்கள். “நாலு சுவத்துக்குள்ள உக்காந்து அழுதுட்டே இருந்தா போனவரு வந்துருவாரா? மேல வா, காத்தாவது வாங்கு” என்று நர்ஸம்மா வாசலில் நின்று சத்தம் போடுவாள். தையலக்கா போகவில்லை. ஒரு நாள் தானாகவே படியேறி வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“எனக்கும் ஒரு வாளி குடுங்க. கத்துக்கறேன்.”

“என்ன அக்கா, திடீர்னு ஞானோதயம்?” என்றாள் பேக்கரிக்காரி.

“ஆமா, உன் முகத்தைப் பாக்கணும்னு ஆசை வந்துடுச்சு. வாளி எங்க?”

காரணத்தை அவள் சொல்லவில்லை. விலையுயர்ந்த துணி வந்தால் தையல்காரி எடுத்த எடுப்பில் கத்தரி வைக்க மாட்டாள். பழைய துணியில் வெட்டிப் பார்த்து, கை பழகிய பிறகுதான் அதைத் தொடுவாள். அந்த ஆறு விதைக்கும் அவள் அப்படித்தான் கணக்குப் போட்டாள். முதலில் கீரை, தக்காளி, பீன்ஸ். அதெல்லாம் செத்தாலும் பரவாயில்லை.

எல்லாம் செத்தது.

கீரை விதையைத் தையல் போடுவது போல ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில், விரலால் அழுத்தி அழுத்திப் புதைத்தாள். மண்ணுக்குள் போனது மேலே வரவே இல்லை. தக்காளி நாற்றுக்குக் காலையில் தண்ணீர், மத்தியானம் தண்ணீர், சாயங்காலம் பாவம் தாகமாக இருக்கும் என்று இன்னொரு தண்ணீர். அது மஞ்சளாகிக் கழுத்து தொங்கிவிட்டது.

“நீ செடி வளக்கறியா, இல்ல துணி ஊற வெக்கிறியா?” என்றாள் நர்ஸம்மா. “நோயாளி கேக்காம குளுக்கோஸ் ஏத்தினா வீங்கித்தான் சாவான்.”

பீன்ஸ் விதை போட்டபோது அது முளைக்கிறதா என்று தினமும் தோண்டிப் பார்த்தாள். பேக்கரிக்காரி கையும் களவுமாகப் பிடித்தாள். “அக்கா, பிரெட் அடுப்புல இருக்கறப்போ கதவைத் திறந்து திறந்து பாத்தா அது எழும்புமா? சப்பையாத்தான் போகும்.”

“தைச்சது சரியா வந்திருக்கான்னு திருப்பிப் பாக்காம எப்படிடி இருக்கறது?”

“இது உங்க மெஷின் இல்ல அக்கா. இதுக்கு வேற தையல்காரன் இருக்கான். அவனை நம்பி விடுங்க.”

திட்டு வாங்கினாலும் தையலக்கா மேலே வருவதை நிறுத்தவில்லை. விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்க்கப் பழகினாள். விதையின் பருமனைப் போல இரண்டு பங்கு ஆழம் போதும் என்று தெரிந்துகொண்டாள். இரண்டாம் முறை போட்ட கீரை வந்தது. பேக்கரிக்காரி ஒரு பன்னை இரண்டாகப் பிய்த்து, நடுவில் அந்தக் கீரை இலையை வைத்து, மூன்று பேருமாகத் தொட்டி நிழலில் உட்கார்ந்து தின்றார்கள். அந்த வீட்டில் சாவு விழுந்த பிறகு தையலக்கா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒரு நாள் போகிற போக்கில் கேட்பது போல நர்ஸம்மாவிடம் கேட்டாள். “தட்டையா, நகம் மாதிரி இருக்கற விதைன்னா எப்படி நடணும்?”

“எந்தச் செடி?”

“சும்மா கேட்டேன்.”

“பேரு தெரியாத ஆளுக்கு ஊசி போடச் சொல்றே. படுக்க வெச்சு நடு. இல்ல, பக்கவாட்டுல நிக்க வெச்சு நடு. தோண்டிப் பாக்காதே. உனக்கு அதுதான் வியாதி.”

அந்த இடத்தில் டப்பாவைத் திறந்து காட்டியிருந்தால் இந்தக் கதையே வேறு. காட்டவில்லை. காட்டினால் நர்ஸம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்து, இது இன்ன காய் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவாள். அவர் கடைசியாகச் சொல்ல வந்த ஒரே ஒரு விஷயம். அதை இன்னொருத்தி வாயால் கேட்கத் தையலக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. செடி வந்து சொல்லட்டும் என்று வைராக்கியமாக இருந்தாள்.

தொட்டி ஓரத்தில் இருந்த நீல வாளியில் ஆறையும் நட்டாள். அவளாகவே சலித்த மண். அவளாகவே பொடித்த முட்டை ஓடு. இந்த முறை தோண்டவில்லை. கை துறுதுறுத்தால் கீழே போய் எதையாவது பிரித்துத் தைத்தாள். காலையில் விரலை வைத்து ஈரம் பார்ப்பதோடு சரி. மேல் மண் அப்படியே இருந்தது. சில விதைக்குத் தோல் தடிமன், நாளாகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வெளியூரிலிருந்து மகள் போன் பண்ணினாள். குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருக்கிறது, சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு முடியவில்லை, அம்மா வா. போகாமல் இருக்க முடியுமா? பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது பேக்கரிக்காரியிடம் நின்றாள்.

“நீல வாளிக்கு மட்டும் மறக்காம தண்ணி தெளிச்சு விடு.”

“அதுல ஒண்ணுமே இல்லையே அக்கா?”

“தெளின்னா தெளி. கேள்வி கேக்காதே.”

போன இடத்தில் நாள் இழுத்துக்கொண்டது. இங்கே பேக்கரிக்காரி சொன்னபடி தெளித்தாள். தெளித்துவிட்டு நர்ஸம்மாவிடம் வந்து புலம்பினாள். “வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லிட்டுப் போயிருக்கு அந்த அக்கா. மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு போல. திரும்பி வந்து அதே வெறும் மண்ணைப் பாத்தா தாங்குமா?”

நர்ஸம்மாவுக்கு வார்டில் ஒரு வழக்கம் உண்டு. காலிக் கட்டிலைக் கண்ணால் பார்க்க மாட்டாள். ஒருத்தர் போன கட்டிலில் விரிப்பை மாற்றி, உடனே அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் அந்தக் காலி இடத்தையே பார்த்துப் பார்த்து மனசு விட்டுவிடுவார்கள் என்பாள். மாடியிலும் அதே சட்டம்தான். யாருடைய வாளி காலியானாலும், நாற்று மிச்சம் வைத்திருப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் நட்டு நிரப்பிவிட வேண்டும். பேக்கரிக்காரி வாளியில் இப்படிக் கத்தரி முளைத்திருக்கிறது. தையலக்காவே ஒரு தடவை நர்ஸம்மா வாளியில் கீரை நட்டிருக்கிறாள். உபகாரத்தைச் சொல்லிக் காட்டக் கூடாது என்பது அவர்கள் மூன்று பேருக்குள் ஒரு மரியாதை.

நர்ஸம்மா மண் புளித்துவிட்டது என்று நினைத்து நீல வாளியை மக்குக் குப்பைச் சாக்கில் கவிழ்த்தாள். புது மண் போட்டாள். நாற்றுக்கடையிலிருந்து ஒரு பூசணிக் கன்று வாங்கி வந்து நடுவில் வைத்தாள். இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டு, திருப்தியாகக் கீழே இறங்கினார்கள்.

தையலக்கா ஊரிலிருந்து வந்தவள் பையை வாசலிலேயே போட்டுவிட்டு மேலே ஓடினாள். நீல வாளியில் பச்சை. அகலமான இரண்டு இலை, நடுவில் சுருட்டிக்கொண்டு மூன்றாவது. அப்படியே சுடுகிற தரையில் உட்கார்ந்தாள்.

“பாத்தீங்களா அக்கா, உங்க கை ராசி!” என்றாள் பேக்கரிக்காரி.

“எப்போடி வந்துச்சு?”

“அது… தானா வந்துச்சு அக்கா. ஒரு நாள் காலைல பாத்தா நிக்குது.”

நல்ல மனசோடு சொன்ன பொய். அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இலை இன்னும் விரிந்ததும், “இது என்ன செடி?” என்று தையலக்கா பயந்து பயந்து கேட்டாள். பூசணி என்றாள் நர்ஸம்மா. தையலக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பூசணியா? இதற்கா ஒரு முடிச்சு? அன்று முழுக்க மெஷினில் உட்கார்ந்து யோசித்தாள். மத்தியானம் ஞாபகம் வந்துவிட்டது. கடையில் வெட்டி வைத்திருக்கும் பூசணித் துண்டு எப்போதும் கொழகொழவென்று இருக்கிறது, முழுசாக ஒன்று கண்ணில் படுவதே இல்லை என்று அவள் எப்போதோ முணுமுணுத்திருக்கிறாள். அவர் கவனித்திருக்கிறார்! காதில் வாங்கி, எந்த வீட்டு வேலியிலோ கேட்டு வாங்கி, முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள். போய்ச் சேர்ந்தவரிடமிருந்து பதில் வந்துவிட்டது என்கிற அழுகை அது.

அதற்கப்புறம் அவள் ஆளே மாறினாள். கஸ்டமரிடம் சண்டை போடுவது குறைந்தது. கொடி நீளமானதும் கட்டிவிட வேண்டியிருந்தது. நைலான் கயிறு தண்டை அறுக்கும், பழைய துணிதான் நல்லது என்றாள் நர்ஸம்மா. தையலக்கா வீட்டுக்குள் போய் பீரோவைத் திறந்தாள். அந்தக் காக்கிச் சட்டை இருந்தது. துவைத்து, மடித்து, யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தது. நாத்தனார் ஞாபகத்துக்கு என்று கேட்டுக்கூடக் கொடுக்கவில்லை. அதை மேஜையில் விரித்தாள். கத்தரியை எடுத்தாள். அவர் கொண்டு வந்த கொடிக்கு அவர் சட்டையைவிட எது பொருத்தம்? முதுகுப் பக்கம், கை, காலர் எல்லாம் விரல் அகல நாடாவாகக் கிழிந்தன. ஒவ்வொன்றாகக் கொடியைச் சுற்றித் தளர்வாக முடிச்சுப் போட்டாள்.

பூ வந்தபோது நர்ஸம்மா ஆண் பூவைப் பறித்து, பெண் பூவின் நடுவில் வைத்துத் தேய்த்துக் காட்டினாள். மாடியில் வண்டு வராது, நாம்தான் செய்ய வேண்டும் என்றாள்.

“நர்ஸம்மாவுக்குப் பிரசவம் பாக்கத்தான் தெரியும்னு நெனச்சேன். கல்யாணமும் பண்ணி வெக்கறாங்களே!” என்றாள் பேக்கரிக்காரி.

“உனக்கும் ஒண்ணு பாத்து வெக்கறேன், பொறு.”

“எனக்கு இந்த மாதிரி சத்தம் போடாத மாப்பிள்ளையா பாருங்க.”

“சத்தம் போடாதவரைக் கட்டிக்கிட்டா என்ன கஷ்டம்னு என்னைக் கேளு” என்றாள் தையலக்கா, சிரித்துக்கொண்டே.

ஒரு காய் நின்றது. பந்து போல இருந்தது, பானை போல ஆனது, நிறம் மாறியது. காம்பு காய்ந்ததும் தையலக்கா அதை அறுத்தாள். ஒரு சாயங்காலம் கத்தியும் தட்டும் எடுத்துக்கொண்டு மேலே வந்து, இரண்டு பேரையும் உட்கார வைத்தாள். வெட்டுவதற்கு முன்னால் கைக்குட்டையை மடியில் விரித்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இத்தனை நாள் சொல்லல. இது அவரு கொண்டு வந்தது.”

முடிச்சைப் பற்றிச் சொன்னாள். பாபின் டப்பாவைப் பற்றி, நாத்தனார் சொன்னதைப் பற்றி, ஆறு விதையைப் பற்றி, பூசணித் துண்டு பற்றி அவள் எப்போதோ முணுமுணுத்ததைப் பற்றி எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்துகொண்டே போனது. எதிரில் உட்கார்ந்திருந்த இரண்டு முகமும் வெளுத்துக்கொண்டே போயின.

பேக்கரிக்காரி நர்ஸம்மாவின் காலை மெதுவாக மிதித்தாள். வேண்டாம் என்று அர்த்தம். விட்டிருந்தால் தையலக்கா அந்தப் பூசணியோடு சந்தோஷமாகவே இருந்திருப்பாள், யாருக்கும் நஷ்டமில்லை என்று இன்றைக்கும் பேக்கரிக்காரி சொல்வாள். ஆனால் நர்ஸம்மா ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மனுஷர்களிடம் கெட்ட செய்தி சொன்னவள். சுற்றி வளைத்தால் வலி கூடும் என்று தெரிந்தவள். அவள் தன் காலை இழுத்துக்கொண்டாள்.

“தையலு, கத்தியைக் கீழ வெய்யி.”

“ஏன்?”

“இது நான் நட்டது. நாத்துக்கடையில வாங்கினேன். நீ ஊருக்குப் போயிருந்தே. வாளி காலின்னு நெனச்சுட்டேன்.”

தையலக்காவுக்கு முதலில் புரியவில்லை. சிரிப்பின் மிச்சம் வாயோரம் அப்படியே நின்றது.

“அதுல விதை இருந்துதே.”

“எனக்குத் தெரியாதும்மா. மண்ணைச் சாக்குல கவுத்துட்டேன்.”

“அது… செத்துப் போயிருந்துதா?”

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பேக்கரிக்காரி அழ ஆரம்பித்துவிட்டாள். நர்ஸம்மா குரல் முதல் தடவையாகத் தடுமாறியது.

“கண்ணாடி போடல நான். மண்ணுல வெள்ளையா என்னமோ நெளிஞ்சாப்ல இருந்துது. புழுன்னு நெனச்சேன். இப்போ நீ சொன்னப்புறம் தோணுது… வேரு விட்டிருந்துது போல.”

தையலக்கா திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “அப்போ உசுரு இருந்திருக்கு” என்றாள். கைக்குட்டையை மடித்துக்கொண்டே, “நானும் சொல்லலையே” என்றாள். கொடியில் வரிசையாகத் தொங்கிய காக்கி முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சட்டையும் போய்விட்டது. பூசணித் துண்டைப் பற்றி முணுமுணுத்ததை அவர் கவனித்தார் என்று தேடிக் கண்டுபிடித்த பதிலும் போய்விட்டது. ஒரே மனுஷரை அவள் இரண்டாம் முறை இழந்தாள்.

மறுநாள் பேக்கரியிலிருந்து மாவுச் சல்லடை வந்தது. மூன்று பேரும் மக்குக் குப்பைச் சாக்கைக் கொட்டிச் சலித்தார்கள். முட்டை ஓடு, தேயிலைச் சக்கை, மண்புழு. விதை இல்லை. இருக்காது. அந்தச் சாக்கில் இருந்ததை நர்ஸம்மா எப்போதோ அள்ளி எல்லா வாளிக்கும் உரமாகப் போட்டுவிட்டாள். சலித்துச் சலித்து நர்ஸம்மாவின் கை தோள்பட்டை வரை மண் படிந்து கறுத்திருந்தது. “போதும் நர்ஸம்மா, எழுந்திருங்க” என்று தையலக்காதான் அவளைத் தூக்கி விட்டாள்.

இரண்டு வாரம் போல தையலக்கா மாடிக்கு வரவில்லை. வந்தபோது முதலில் பூசணிக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். “அது என்ன பாவம் பண்ணிச்சு?” என்றாள். அப்புறம் நர்ஸம்மா ஒரு வாளியில் களை பிடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

“பிடுங்காதீங்க. அதுவா இருந்தா?”

நர்ஸம்மாவுக்கு அது வெறும் களை என்று தெரியும். கையிலிருந்ததைத் திரும்ப மண்ணில் வைத்து, சுற்றி அழுத்தி, தண்ணீர் ஊற்றினாள். அன்றிலிருந்து அந்த மாடியில் யாரும் எதையும் பிடுங்குவதில்லை. முளைக்கிறதெல்லாம் வளர்கிறது. முள்ளும் புல்லும் கொடியும் வாளி வாளியாக இடித்துக்கொண்டு நிற்கின்றன. தக்காளி காய்ப்பதை நிறுத்தியே நாளாகிறது. புதிதாகக் குடிவந்தவர்கள், இதுவா தோட்டம் என்று மூக்கைச் சுளிக்கிறார்கள். பேக்கரிக்காரி அவர்களிடம் சண்டைக்குப் போகிறாள். தையலக்கா ஒவ்வொரு புது முளையாகக் குனிந்து, இலை விரிகிறவரை காத்திருந்து, அடையாளம் தெரிந்த பிறகும் அதை விட்டுவிடுகிறாள்.

தையல் வேலை இல்லாத நாளில் அவர் போன தெருக்களில் நடக்கிறாள். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து, காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டி எட்டிப் பார்க்கிறாள். நாய் குரைக்கிறது. ஆள் யார் என்று வெளியே வந்து கேட்கிறார்கள். “மீட்டர் பாக்க வருவாரே, பேசவே மாட்டாரே, அவரோட வீட்டுக்காரி” என்றால் பல பேருக்கு ஞாபகம் வருகிறது. ஒரு அம்மாள் மட்டும், “எதிர் வீட்டு வேலிகிட்ட நின்னு பாத்துட்டே இருப்பாரும்மா. என்னமோ படர்ந்திருந்துது. அழகா இருக்கும்” என்றாள். எதிரில் வேலியும் இல்லை, வீடும் இல்லை. இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. என்ன கொடி, என்ன நிறத்துப் பூ என்று தையலக்கா எத்தனை விதமாகக் கேட்டும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு வேலை சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் வேலி இருந்ததா? காக்கிச் சட்டை போட்ட ஒருவர் மீட்டர் மூடியைத் தூக்கிவிட்டு, வாய் திறந்து கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, உங்கள் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாரா? நீங்களாகவே ஆறு விதையை அவர் கையில் கொடுத்து அனுப்பினீர்களா? அப்படியானால் அவளைப் போய்ப் பாருங்கள். கீழே பேக்கரி, பக்கத்தில் போட்டோக் கடை, இரண்டாம் மாடியில் ஜன்னலோரம் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். நீங்கள் அந்த ஆள் இல்லை என்றாலும் போய்ப் பாருங்கள். கிழிந்த துணி ஏதாவது எடுத்துக்கொண்டு போனால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெயில் தாழ்ந்ததும் அவள் உங்களை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போவாள். ஒவ்வொரு முளையாகக் காட்டி, இது என்னவென்று தெரியுமா என்று கேட்பாள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தயவுசெய்து அவளுக்கு நாற்று எதுவும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.